தண்ணடை யார்க்கு உரித்து?

புறநானூற்றைக் கற்பிப்போர் மறத்தைப் பற்றி மிகுதியாகப் பேசுகின்றனர். மறவனுக்கு அரசு பட்ட கடனைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றனர். போரில் பட்டவனுக்குக் கல் நட்டனர், பீலி சூட்டினர், வழிபட்டனர் என்று சொல்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அவன் மனையில் இருந்தோர் எதை உண்டனர் என்னும் வினா எழுவதே இல்லை. ஆனால் பாட்டு அவ்வினாவை விட்டுவிடவில்லை.

297 ஆம் பாட்டைக் காண்க. பாடினார் பெயர் தெரியவில்லை. வெட்சித் திணையில் உண்டாட்டு என்னும் துறை. கள்ளுண்டு களிக்கும் நேரத்தில் பேச்சு ஊதியத்திற்குத் திரும்புகிறது. பயற்றங்கோதின்மேல் கன்றையுடைய மரையா உறங்கும் வறண்ட சீறூர் எமக்கு வேண்டா என்கிறான் மறவன். நீர்க்கோழி முட்டையிடும் துறையையுடைய தண்ணடையைப் பெறுதலும், நெடுவேல் பாய்ந்த மார்போடு பனைபோல் நிற்பவர்க்கு உரித்து என்கிறான். தண்ணடை என்பது மருதநிலத்து ஊர். அவன் 'தருக' என்று இரக்கவில்லை, 'உரித்து' என்கிறான். பரிசில் வேறு, உரிமை வேறு. இந்த ஒரு சொல்லில் அவ்வேறுபாடு முழுவதும் அடங்கிவிடுகிறது.

இதற்கு எதிர்க்குரலாக நிற்பது சாத்தந்தையார் பாடிய 287 ஆம் பாட்டு. அம்பு மழைபோல் வரினும், வேல் கயல்போல் பிறழினும் அஞ்சாத மறவர்க்கு, வாளைமீன் நெற்கூட்டின் அடியிலே புரளும் தண்ணடை பெறுவதால் ஆவது என்ன? இறந்துபட்டால் உயர்நிலை உலகத்தில் மகளிரை மணந்து இன்புறுவரே என்கிறது அது. இதனை உலகப்பற்று இகழ்ந்த வீரவுரை என்று மட்டும் விளக்குவது போதாது. வழங்கும் வழக்கம் இல்லாத ஒன்றை வேண்டாவென்று மறுக்கத் தேவையில்லை. தண்ணடை எதிர்பார்க்கப்பட்டது, ஆதலின் அதனைச் சிறிதாக்கிக் காட்ட வேண்டியிருந்தது. விண்ணுலகத்தைத் தருவதற்கு அரசனின் களஞ்சியத்தில் ஒரு நெல்லும் குறையாது என்பதையும் மாணவர்க்குச் சொல்லலாம்.

ஔவையார் பாடிய 290 ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. இவனுக்கு முதலில் கள்ளைக் கொடுத்துப் பின் நீ உண்க என்று அரசனிடம் கூறி, அதற்குக் காரணமும் காட்டுகிறார். உன் பாட்டனைக் காக்க, இவன் பாட்டன் குடத்தில் செறிந்த ஆரக்கால்போல் வேல்கள் தைக்க நின்று மாய்ந்தான். இவனும் உன்னை நோக்கி வரும் வேலை மழையை மறைக்கும் ஓலைக்குடைபோல் மறைப்பான் என்கிறார். துறை குடிநிலை உரைத்தல். தலைமுறைக் கணக்கை எடுத்து வைத்துக் கடனை நினைவூட்டும் பாட்டு இது. ஆயினும் ஈண்டுக் கேட்கப்படுவது ஒரு கலம் கள்ளே.

தொல்காப்பியம் இவ்வழக்கிற்கு இலக்கணமே வகுத்துள்ளது. வாளேந்தி வென்று எழுந்த இளைஞனுக்குப் பறை முழங்க நாட்டை அளிப்பதைப் பிள்ளையாட்டு என்கிறது. அதே நூற்பாவில்தான் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் நடுகல் துறைகளும் வருகின்றன. உயிரோடு மீண்டவனுக்கு நாடு; பட்டவனுக்குக் கல். நாம் கல்லை மட்டும் விளக்கி நாட்டை விட்டுவிடுகிறோம்.

பாட்டு சொல்வதற்குக் கல்லும் சான்று தருகிறது. 2006 இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்டவன் ஒருவனைக் குறிக்கிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972 இல் வெளியிட்ட செங்கம் நடுகற்களில், எல்லைப்புறத்து ஊர்களில் தொறு மீட்கையில் பட்ட சேவகர் பலரைக் காண்கிறோம். அவர்கள் பேரரசின் நிலைப்படையினர் அல்லர். ஊர்த் தலைவரின் கீழ்த் திரண்ட உள்ளூர் ஆள்கள். இத்தகையோரின் குடும்பத்திற்கு விடப்பட்ட நிலம் நெய்த்தோர்பட்டி எனப்பட்டது. நெய்த்தோர் என்பது குருதி. பிற்காலத்தில் அது உதிரப்பட்டி எனவும் இரத்தமானியம் எனவும் வழங்கிற்று. கன்னட நாட்டில் இதனைக் கல்நாடு என்றனர். ஆயினும் பெரும்பாலான கற்கள் 'பட்டான் கல்' என்ற அளவில் நின்றுவிடுகின்றன.

வள்ளுவர் இருபுறமும் கண்டவர். புரந்தார் கண்ணில் நீர்மல்கச் சாவதை இரந்தும் கொள்ளத்தக்கது என்றவரே, படைமாட்சி அதிகாரத்தில், வறுமை இல்லாதாயின் படை வெல்லும் என்றும் விதித்தார். கண்ணீர் ஒன்றே கூலியாகாது என்பது அவர் கருத்து.

இவை பழங்கதை அல்ல. 1943 இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்வாளியை வைத்துவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர் பல்லாயிரவர். இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியத் திட்டம் வகுத்தது 1972 இல். அதற்குள் ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்துவிட்டன. சிறைவாசம் முதலிய தகுதிகளுக்கு எழுத்துச் சான்று வேண்டும் என்பதும் விதி. பர்மாக் காட்டில் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர் யார்? ஔவை போலக் குடிநிலை உரைக்க ஒருவரும் இல்லாதவன் வெறுங்கையனாகவே நின்றான்.

புக்கிட் செந்தோசாவிலும் அதைச் சூழ்ந்த வட சிலாங்கூர்ப் பள்ளிகளிலும் பயிலும் மாணவர் பலர் தோட்டக் குடும்பங்களின் வழிவந்தோர். அவர்க்குப் புறப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், 287 ஐக் கற்பிக்கும் அன்றே 297 ஐயும் கற்பித்தல் வேண்டும். விண்ணுலகம் வேண்டும் என்ற குரலும், தண்ணடை எமக்கு உரித்து என்ற குரலும் ஒரே நூலில் உள்ளன. ஒன்றை மட்டும் கேட்பிப்பது நூலுக்கு நீதி ஆகாது. அந்த மறவனுக்கும் ஆகாது.