கேஷா, காசா?

‘இங்கிலீஷ்காரன் கேஷ் கேஷ்னு சொல்றானே, அது நம்ம காசுதான் சார்!’ - மேடையில், பட்டிமன்றத்தில், டீக்கடையில் என்று இதைப் பல தடவை கேட்டிருப்பீர்கள். கைதட்டல் நிச்சயம். ஆனால், அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் வில்லங்கம்!

ஆங்கிலத்தில் கேஷ் ஒன்றல்ல, இரண்டு. பேங்க் கவுன்ட்டரில் நீங்கள் எச்சில் தொட்டு எண்ணுகிற கேஷுக்குப் பூர்வீகம் லத்தீன். ‘காப்ஸா’ என்றால் பெட்டி. இத்தாலி, பிரான்ஸ் வழியாக 16-ம் நூற்றாண்டின் கடைசியில் அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. முதலில் பணப்பெட்டிக்குத்தான் அந்தப் பேர். போகப் போக பெட்டியை விட்டுவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘படம் நல்லா கல்லா கட்டுது’ என்கிறோமே, அதே கதைதான். பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் கேஷியர். ஆனால், ராணுவத்தில் ஒரு அதிகாரியை ‘கேஷியர்’ செய்தார்கள் என்றால் சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது டச்சுக்காரர்களிடம் வாங்கிய வேறு சொல்!

நம்முடையது இரண்டாவது கேஷ். நம் காசைப் போர்ச்சுக்கீசியர்கள் ‘கைஷா’ ஆக்கினார்கள். விசித்திரம் பாருங்கள், அவர்கள் மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி! அவர்களிடமிருந்து வெள்ளைக்காரன் கேட்டு ‘கேஷ்’ என்றான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் கணக்கில் 80 கேஷ் ஒரு ‘பணம்’. 42 பணம் ஒரு வராகன். 1803-ல் மெட்ராஸுக்காக இங்கிலாந்தில் அடித்த செப்புக்காசில் ‘20 கேஷ்’ என்றே பொறித்திருக்கிறது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் இங்கிலீஷில் கேஷ் என்றுதான் பேர். நம்ம ஊர்ச் சில்லறை அவ்வளவு தூரம் கப்பலேறியிருக்கிறது! 1886-ல் வெளியான ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியே இந்தக் கேஷுக்குக் காசு என்ற தமிழ்ச் சொல்லைக் காட்டுகிறது.

இதைச் சொன்னால் யாரும் கைதட்டுவதில்லை. சத்தம் ஒத்துப்போனால் போதும், ‘எங்க சொத்து’ என்று பட்டா எழுதிவிடுகிறோம். சொல் எந்த ஊர் வழியாக, எந்தக் காலத்தில் போனது என்று பார்க்க வேண்டாமா?

நஷ்டம் யாருக்கு என்கிறீர்கள்? நமக்குத்தான். பேரேட்டில் ஒரே ஒரு பொய் வரவு எழுதிப் பாருங்கள், ஆடிட்டர் மொத்தப் புத்தகத்தையும் சந்தேகப்படுவார். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் இங்கிலீஷ் அகராதியில் முறையாகவே நம் பேரில் வரவாகியிருக்கின்றன. அவற்றையும் சேர்த்து யாராவது ‘கப்ஸா’ என்று சொல்லிவிடக் கூடாது, இல்லையா?