வில்லிசை: மேடையும் கொடையும்

தென்தமிழ்நாட்டின் மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் அம்மன் கொடை, மாடன் கொடை போன்ற கோயில் விழாக்கள் என்றால் வில்லுப்பாட்டும் நினைவுக்கு வரும். அந்த வில்லைச் சென்னை மேடையில் நிலைநிறுத்தியவர் நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022). கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்த மேடை வில்லிசை மரபை வளர்த்ததா, நீர்க்கச் செய்ததா?

படைப்பாற்றலில் குறை சொல்ல இடமில்லை. வில், வீசுகோல், உடுக்கு, குடம் ஆகியவற்றைக் கைவிடாமல் காந்தி கதையை அதில் ஏற்றினார். கோயில் வாசலுக்கே வராதவர்களும் வில்லிசை கேட்டார்கள்.

இழப்பும் உண்டு. கொடையில் கதைக்கு ஒரு வேலை இருக்கிறது. சுடலைமாடன் கதையில் கட்டம் முற்றும்போது உடுக்கு வேகமெடுக்கும், சாமியாடிக்கு அருள் வரும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தப் பிணைப்பை விரிவாகக் காட்டுகிறது. மேடையில் கேட்பவர் உண்டு. அருள் வந்து ஆடும் சாமி இல்லை.

கியூபாவிலும் இதே கேள்வி எழுந்தது. ஆப்பிரிக்க வழிவந்த சடங்குகளுக்குரிய பாட்டா மேளத்தை, 1973இல் சூச்சோ வால்டெஸ் தொடங்கிய இராக்கெரே குழு ஜாஸ் மேடைக்கு ஏற்றியது. சடங்கில் அதை முழக்குவோரும் அற்றுப்போகவில்லை. ஆக, மேடை ஏறுவதே மரபுக்குக் கேடு என்பது நிற்காத வாதம்.

மேடைக்கும் கொடைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு கலைஞரின் குடும்பத்தில் தெரிகிறது. சுப்பு ஆறுமுகத்துக்கு மகள் பாரதி திருமகன் வாரிசானார். பேரன் வரை கலை தொடர்கிறது. மேடை தந்த வருமானமும் மதிப்பும் இல்லாமல் இது எளிதல்ல. மறுபுறம், குமரி மாவட்டத்துப் பூங்கனி பல்லாண்டுகள் கொடைகளில் வில்லடித்துப் பாடியவர். பெண் தலைமையேற்பது அரிதாக இருந்த காலத்தில் குழுவை நடத்தியவர். கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 2018இல் மறைந்தார். கதையைச் சாமியோடு சேர்த்துக் காத்தவருக்கு ஊர் தந்தது இவ்வளவுதான்.

என் தீர்ப்பு இது: மேடை வில்லிசை மரபின் நேர்மையான கிளை, வேர் கொடையில்தான் இருக்கிறது. கிளைக்கு விருது தந்த நாம் வேருக்குச் சோறு போடவில்லை. கொடைக்கு வரி பிரிக்கும் ஊர்கள் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னால் வில்லுக்காரர் சம்பளத்தை ஒதுக்க வேண்டும். மேலநீலிதநல்லூரின் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி போன்றவை இந்த வட்டாரத்துக் கதைகளை விடிய விடியப் பாடும் முழு வடிவிலேயே பதிவுசெய்ய வேண்டும். வில்லுப்பாட்டு ஆசான்களான அண்ணாவிகள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.