ஏறிய மருந்து இறங்குவதில்லை

2025 அக்டோபரில் மலேசியா முழுவதும் ஏறத்தாழ 6,000 மாணவர்களுக்கு இன்ஃப்ளூயன்சா கண்டு, சில பள்ளிகள் மூடப்பட்டன. மெர்சிங் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் மருந்துப் பட்டியல்கள் சுற்ற ஆரம்பித்தன. ஒன்றைத் திறந்தேன். டாமிஃப்ளு, ஐவர்மெக்டின், கபசுரக் குடிநீர், ஸிங்க் மாத்திரை எல்லாம் ஒரே எழுத்தளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக. எதிரே ‘பயன்’ என்று ஒரு கட்டம். தேதி கிடையாது. கேட்டால், “தகவல்தானே, வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்” என்கிறார்கள்.

தொகுப்பதைக் குறை சொல்லவில்லை. ஜொகூர் பாருவுக்கு இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய ஊர் இது. மருந்து விவரம் தமிழில் கிடைத்தால் நல்லதுதான். உழைத்துத் தொகுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது.

என் ஆட்சேபம் பழையது. இந்தப் பட்டியல்களில் மருந்து ஏறும், இறங்காது. ஐவர்மெக்டினையே பாருங்கள். 2021இல் மலேசியாவின் 20 அரசு ஆஸ்பத்திரிகளில், 50 வயதும் அதற்கு மேலுமான கோவிட் நோயாளிகள் 490 பேரை வைத்துச் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்ட 241 பேரில் 52 பேருக்கு நோய் முற்றியது. சாப்பிடாத 249 பேரில் 43 பேருக்குத்தான். நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை என்று 2022 பிப்ரவரியில் முடிவு வெளிவந்துவிட்டது. நம் டாக்டர்கள், நம் நோயாளிகள். அந்த முடிவைப் பட்டியல் கண்டுகொள்ளவில்லை. கோவிடுக்கே உதவாததை இன்ஃப்ளூயன்சாவுக்கும் நீட்டிவிட்டது.

பலிக்காத முடிவு மறைந்துபோனால் அரசுகளே ஏமாறும். 2009 பெருந்தொற்றின்போது நாடுகள் டாமிஃப்ளுவை வாங்கிக் குவித்தன. அதைத் தயாரிக்கும் ரோஷ் நிறுவனம் முழுச் சோதனை அறிக்கைகளை, மருந்துச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வாளர்களிடம் கொடுத்தது 2013இல்தான். மறு ஆண்டு அவர்கள் கணக்கிட்டபோது, பெரியவர்களுக்கு ஏழு நாளில் தணியும் அறிகுறிகள் 6.3 நாளில் தணிந்தன, அவ்வளவே. ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. குமட்டலும் வாந்தியும் கூடியிருந்தன. நோய் கடுமையானவர்களுக்கு டாக்டர்கள் அதை இன்றும் தருகிறார்கள், சரி. ஆனால் காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் பொதுவாகத் தொடங்க வேண்டிய மருந்து என்பதைக்கூடப் பட்டியல் சொல்லாமல் விட்டால், மூன்றாம் நாள் கிளினிக்குக்குப் போகும் தாய்க்கு அதனால் என்ன லாபம்?

கபசுரக் குடிநீருக்கு எதிரே ‘தமிழ்நாடு அரசு கொடுத்தது’ என்று எழுதியிருக்கிறது. 2020இல் கோவிட் காலத்தில் கொடுத்தது உண்மைதான். பதினைந்து சரக்குகள் சேர்ந்த அந்தச் சித்த மருத்துவக் கஷாயம் இன்ஃப்ளூயன்சாவைக் குணப்படுத்தியதா என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

பலிக்காததை விட்டுவிட்டுப் பலிக்கும் என்பதை மட்டும் அடுக்குவதைத் தகவல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது விளம்பரம், காசு வாங்காமல், நல்லெண்ணத்தோடு செய்தாலும் விளம்பரம்தான். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே யார், எப்போது, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று எழுதுங்கள். ஐவர்மெக்டின் வரியில் அந்த 52ம் 43ம் ஏறும்வரை, இந்தப் பட்டியலை யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது.