துருவை வெட்டும் கை

நாமக்கல் என்றாலே லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள்தான். ஆனால், டிங்கரிங் கைத்திறன் முழுசாகத் தெரிவது, துருப்பிடித்த பழைய கார் ஒன்று வந்து நிற்கும்போது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. இத்தாலியர் மிக்கெலோட்டியின் வடிவமைப்பு. இதே சேசிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டுக்கும் ஒரே நோய்: ஈரம் தேங்கித் தரைத்தகடு அரிக்கும்.

நல்ல டிங்கர் பட்டி பூசி மறைக்க மாட்டார். சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே செத்த தகட்டின் எல்லையைக் கண்டுபிடிப்பார். பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுவார். கதவை மாட்டி இடைவெளி சரிபார்த்த பிறகே புதுத்தகடு. அதையும் விட்டுவிட்டுப் புள்ளி வைத்துத்தான் பற்றவைப்பார். ஒரே இழுப்பில் இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். பிறகு பின்னால் டாலி என்ற இரும்புக்கட்டி, முன்னால் சுத்தியல். மேடுபள்ளத்தைக் கண்ணைவிட உள்ளங்கைதான் அவருக்குச் சரியாகச் சொல்லும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது அந்தத் தடவல்தான். ரெட் ஆக்சைடு பிரைமரெல்லாம் அதன் பிறகு.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பெயின்ட் நிறம் தேர்வதற்கு முன், கால்மிதியைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள்.