தப்ஸும் கிதாரும்

ஊரப்பாக்கத்தில் நம்மிடம் அரபு ஓத வரும் மாணவன் ஒருவன் சென்ற மாதம் தன் கைப்பேசியில் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, "ஹஜ்ரத், இதைக் கேட்கலாமா?" என்றான். நாகூர் தர்காவில் பாடிவரும் பாடகர்களின் குரல். அதனுடன் மேனாட்டுக் கருவிகளின் ஒலி. கேட்கலாமா என்பது மார்க்க வினா. கேட்கத் தக்கதா என்பது இலக்கிய வினா. இரண்டாவதைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

நாட்டார் பாட்டின் சொல்லும் மெட்டும், ராக் இசையின் மின்கிதாரோடும் டிரம்ஸோடும் கூடிய இசையை மேனாட்டார் 'ஃபோக் ராக்' என்பர். அப்பெயர் 1965இல் அமெரிக்காவில் பரவியது. பீட் சீகர் என்னும் நாட்டுப்புறப் பாடகர், ஸுலைமான் நபி (அலை) அவர்களுடையதென யூத, கிறித்தவ மரபினர் கூறும் பழைய வேதநூற் பகுதியொன்றுக்கு முன்னரே மெட்டமைத்திருந்தார். அதைப் 'பைர்ட்ஸ்' குழுவினர் பன்னிரு தந்தி மின்கிதாருடன் பாட, அவ்வாண்டின் இறுதியில் அது அந்நாட்டு விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. இப்புதிய இசை தன் இளமையிலேயே வேத வாசகத்தைச் சுமந்து திரிந்தது என்பது நம் வாசகர் பலருக்கு வியப்பளிக்கலாம்.

அதே ஆண்டு ஜூலை 25ஆம் நாள், நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாருடன் மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். சீகரும் கடுஞ்சினம் கொண்டார். ஆனால் மின்கிதாரைத் தாம் வெறுக்கவில்லை என்றும், ஒலிபெருக்கியின் இரைச்சலில் பாட்டின் சொற்கள் விளங்காமற் போனதே தம் கோபத்துக்குக் காரணம் என்றும் அவர் பின்னாளில் விளக்கினார். இவ்விளக்கத்தை நாம் பெரிதும் மதிக்கின்றோம். கருவி எது என்பதன்று வழக்கு. சொல் செவிக்கு எட்டிற்றா என்பதே வழக்கு.

இந்த அளவுகோல் நமக்குப் புதிதன்று. பெருநாள் தினத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதையும், அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விட்டுவிடுமாறு கூறியதையும் ஹதீஸ் நூல்களில் ஓதியிருக்கின்றோம். தந்திக் கருவிகளைப் பெரும்பாலான ஃபுகஹாக்கள் விலக்கினர். இமாம் கஸ்ஸாலி அவர்கள் 'இஹ்யா'வில் அவற்றை விலக்கக் கூறும் காரணங்களுள் ஒன்று, அவை அக்காலத்து மதுவருந்துவோரின் அடையாளமாக இருந்தமை. அதன்மேல் ஃபத்வா வழங்குவது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் ரிஃபாயி ராத்திபில் தப்ஸ் ஒலிக்கக் கேட்டோர் ஒன்றை அறிவர்: தப்ஸ் பைத்தைத் தாங்கும், ஒருபோதும் அதன்மேல் ஏறி உட்காராது.

பாகிஸ்தானில் 1990இல் தோன்றிய 'ஜுனூன்' குழு புல்லே ஷாவின் பஞ்சாபிக் கவிதையை மின்கிதாருக்குக் கொண்டுவந்தது; 'சூஃபி ராக்' என்ற பெயரும் வழக்கிற்கு வந்தது. தமிழ்நாட்டில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின், அது தாக்கிய ஆறு நாடுகளின் கரையோரப் பாட்டுகளைச் சென்னையின் 'எர்த்சிங்க்' நிறுவனம் 'லயா புராஜெக்ட்' எனத் தொகுத்தபோது நாகூர்ப் பாடகர்களும் அதில் இடம்பெற்றனர். பின்னர் அவர்களுக்கென்றே 'நாகூர் செஷன்ஸ்' வெளிவந்தது. நம் மாணவன் கேட்டது அதிலிருந்துதான். 2018இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் கானாவையும் பறையையும் கிதாருடன் மேடையேற்றிற்று. அந்தக் கானாவின் வேரைத் தேடுவோர், 1838இல் மறைந்த வடசென்னை ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு வரை செல்வதுண்டு. ஆக, இவ்விசை நமக்கு முற்றிலும் அந்நியமன்று. கொஞ்சம் நம் வீட்டுப் பிள்ளை.

நாகூர்ப் பாடகர்களைப் பற்றி நம் தீர்ப்பு இது: குரல் முன்னும் கருவி பின்னும் நிற்கும் இடங்களில், தர்கா முற்றத்தில் அமர்ந்து கேட்கும் நிறைவு உண்டாகிறது. காரணம், அம்மூவரும் மைக்கை நம்பிப் பழகிய குரலினர் அல்லர். இசைமுரசு நாகூர் ஹனீபா (1925–2015) அவர்களிடம் நம் பெற்றோர் தலைமுறை கண்டதும் அத்தகைய வெண்கலக் குரலையே. வாத்தியங்கள் பல சூழ்ந்தும் அவர் பாட்டில் 'ழ'கரம் தேய்ந்ததில்லை.

நம் நிக்காஹ் மண்டபங்களில் இன்று ஒலிப்பதோ வேறு. சூஃபி இசை என்ற பெயரில் டிரம்ஸ் அதிர்கிறது. பாடுவது முனாஜாத்தா, திரைப்பாட்டா என்று பந்தியில் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவர் சொல்லும் விடையும் நம் காதில் விழுவதில்லை.

மாணவனிடம் அப்பாட்டை மறுபடியும் ஒலிக்கச் செய்து, காதில் விழுந்ததை எழுதச் சொன்னோம். எட்டு வரி எழுதினான். ஐந்து வரிகள் பிழையற்றிருந்தன. மற்ற மூன்றில் இருந்த தவறுகள் யாவும் அரபுச் சொற்களில். 'ஹா'வையும் 'ஃகா'வையும் குழப்பியிருந்தான். அது கிதாரின் குற்றமன்று, நம் பாடத்தின் குற்றம். மறுநாள் மஃரிபுக்குப் பின் வரச்சொல்லியிருக்கின்றோம்.