காதோரத் தேங்காய்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காய் வாங்க நிற்பவர்களில் யார் தெற்கிலிருந்து வந்தவர் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். காயைத் தூக்கிக் காதோரம் வைத்து ஓர் ஆட்டு ஆட்டுவார். உள்ளே தண்ணீர் தளும்புகிறதா என்று கேட்பார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். விலை பேசுவது அதற்கப்புறம்தான். பக்கத்துக் கடையில் வெண்டைக்காய் நுனி டக்கென்று ஒடிய வேண்டும். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டுகிறார், எதிரே தில்லி ஹாட்டுக்குப் போகிற கூட்டம் இரைகிறது. அத்தனை இரைச்சலுக்கும் நடுவில் ஓர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேங்காய்க்குள் கேட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குக் கார்ட்லெஸ் போன் தேர்ந்தெடுக்க நான் பழகியது அந்தத் தேங்காய்க் குவியலின் முன்புதான். இரண்டும் காதோரம் வைத்துப் பார்க்க வேண்டிய பொருள்கள். ஆனால் போன் கடையில் எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், எத்தனை விதமாக மணியடிக்கும் என்று கேட்கிறார்கள். காதில் வைத்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், இரவுக் கட்டணம் குறையட்டும் என்று காத்திருந்து எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவோடு பேசியவன் நான். பூத்தின் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஓட, பேச்சும் ஓடும். வீட்டுக்கே லைன் வந்தபோது அந்த அவசரம் போயிற்று. ஆனால் கூடத்தில் ஒரு மூலையோடு கட்டுண்டு கிடந்தோம். அந்தக் கட்டை அவிழ்த்தது கார்ட்லெஸ். அம்மா சொல்லச் சொல்லப் புளியைக் கரைக்கலாம், பருப்பைக் கிளறலாம். தொலைவில் இருக்கும் ஒருவரைச் சமையலறைக்குள் அழைத்து வரும் கருவி என்றே அதை இன்றும் நினைக்கிறேன்.

நல்ல போனில் முதலில் நான் தேடுவது பலருக்குப் பெயர் தெரியாத ஒரு குணம். பேசும்போது நம் குரலிலேயே சிறு பங்கு நம் காதுக்குத் திரும்பி வர வேண்டும். பொறியாளர்கள் இதைச் சைட்டோன் என்பார்கள். அது இல்லாத போனில் லைன் செத்துவிட்டதோ என்ற ஐயம் வரும், நம்மை அறியாமல் கத்தத் தொடங்குவோம். அளவு மீறினால் குரலைத் தாழ்த்தி முணுமுணுப்போம். சரியான அளவில் இருந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போல் குரல் தானாக அடங்கும். பக்கத்து அறையில் யாராவது போனில் கத்திக்கொண்டிருந்தால் அவர் சுபாவத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் போனை வாங்கி ஒருமுறை பேசிப் பார்ப்பேன்.

அடுத்த சோதனையை மார்க்கெட்டே கொடுத்தது. வாழைப்பூவும் அங்கே உண்டு, வாளை மீனும் உண்டு. போன் கடையில் கருவியை லைனில் மாட்டச் சொல்லி, வீட்டுக்குப் போட்டு, 'வாழை, வாளை, வாலை' என்று மறுமுனையில் சொல்லச் சொல்வேன். வழக்கமான தொலைபேசி லைன் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். 'ஸ' போன்ற சீறல் ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் எந்தப் போனிலும் கொஞ்சம் மங்கும்; அதற்குக் கருவியைக் குற்றம் சொல்ல முடியாது. ழகரத்தைப் பிரித்துக் காட்டும் அதிர்வுகளோ அந்த எல்லைக்குள்ளேயே அடங்குபவை. நல்ல லைனில் 'ழ' கெட்டு ஒலித்தால் தவறு போனுடையது. அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.

ஆரம்பத்தில் நம் ஊருக்கு வந்த கார்ட்லெஸ்கள் இழுத்தால் நீளும் ஏரியலோடு, 46, 49 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் பேசியவை. குரல் அப்படியே காற்றில் போகும். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சு நம் காதில் விழும், நம் வீட்டுக் கடன் பேச்சு அவர்கள் காதில் விழும். 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்கள் வந்தபோது அந்த அலைவரிசையில் மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் ஏற்கெனவே குடியேறியிருந்தன. என் ஓட்டு டெக்ட் வகைக்குத்தான். 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை அதற்கென்று தனி இடம். அந்த இடத்தில் பத்து அலைவரிசைகள்; ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேச்சுகள் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஹேண்ட்செட்டும் அதன் பேஸும் ஒரு நொடிக்கு 100 முறை மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. சந்தடி குறைந்த தடத்தைத் தாமே தேடிக்கொண்டு, அங்கே இரைச்சல் வந்தால் பேச்சு அறாமல் வேறு தடத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. நெரிசலான சந்தில் யாரையும் இடிக்காமல் கூடையோடு போகும் மார்க்கெட் சுமைக்காரரின் லாவகம் அது.

அதே டெக்ட் நுட்பத்தை அடித்தளமாகக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, சென்னையின் மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 1990களில் கார்டெக்ட்டை உருவாக்கியது. வீட்டுக்குள் 50 மீட்டர் போகும் கார்ட்லெஸ் நுட்பத்தை, தடையில்லாத வெளியில் 10 கிலோமீட்டர் வரை நீட்டி, செம்புக் கம்பி எட்டாத கிராமங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் கொடுத்தார்கள். டெக்ட் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் போனை மட்டும் அன்பாக மறுத்துவிடுங்கள். அங்கே டெக்ட் 6.0 என்று விற்பது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. இங்கே அந்த இடம் செல்பேசிகளுடையது. அதன் அடாப்டரும் 120 வோல்ட் வழக்கத்துக்குச் செய்யப்பட்டதாக இருக்கக்கூடும். அழைப்பவர் எண்ணைத் திரையில் காட்ட நம் நாட்டில் டி.டி.எம்.எஃப்., எஃப்.எஸ்.கே. என இரு முறைகள் புழக்கத்தில் உண்டு. இரண்டையும் ஏற்கும் போனாக இருக்கட்டும்.

நம்பகம் என்ற சொல்லைப் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்த பிறகே பயன்படுத்துவேன். உள்ளே சாதாரண டிரிபிள் ஏ அளவில் இரண்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் இருந்தால் நிம்மதி; சில வருடங்களில் அவை தளரும்போது எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். அந்தப் போனுக்கென்றே வயரோடு கட்டிய பேட்டரி என்றால், மாடல் நின்றதும் போனும் நின்றுவிடும். என் முதல் போன் அப்படித்தான் போயிற்று. குரல் அத்தனை தெளிவு, பேட்டரிதான் கிடைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல்லை அவசரத்துக்குக்கூட அதில் போடாதீர்கள்; சார்ஜ் ஏற்றுவதற்கு அது படைக்கப்படவில்லை.

தில்லியின் மே மாத மின்வெட்டு கார்ட்லெஸ்ஸின் உண்மையான பரீட்சை. செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். ஊரே இருண்டாலும் பழைய கறுப்புப் போன் மணியடிக்கும். கார்ட்லெஸ்ஸின் பேஸ் வீட்டு மின்சாரத்தை நம்பியிருப்பது. பானாசோனிக்கின் சில மாடல்களில் ஹேண்ட்செட்டின் பேட்டரியே பேஸுக்கும் சற்று நேரம் மின்சாரம் தரும். அந்த யோசனையைச் செய்தவருக்கு வணக்கம் சொல்லத் தோன்றும். இப்போது ஃபைபரில் லேண்ட்லைன் வந்துவிட்டதால் மோடத்துக்கும் சேர்த்து இன்வெர்ட்டரில் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

இப்போதைய போன் வந்த அன்று ஐ.என்.ஏ.யில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பேஸைக் கூடத்தில், ஃபிரிட்ஜை விட்டுத் தள்ளி, உயரமான அலமாரியில் வைத்தேன். பேட்டரி முழுக்க ஏறும்வரை காத்திருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். பேசிக்கொண்டே படுக்கையறைக்குப் போனேன், பால்கனிக்குப் போனேன், தடித்த செங்கல் சுவர் இரண்டைத் தாண்டிக் குளியலறை வாசலில் நின்றேன். குரல் தேயவில்லை. முருங்கைக்காய் அங்கே என்ன விலை என்று கேட்டார், சொன்னேன். எதிர்முனையில் சட்டென்று பேச்சு நின்றது. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"பேசினது போதும், உன் குக்கர் மூணாவது விசில் அடிச்சாச்சு. போய் அடுப்பை அணை," என்றார் அம்மா, கும்பகோணத்திலிருந்து.