பத்து நிமிடத்துக்குள் ஒரு வர்ணம்

கேரளம் தனி மாநிலமாகி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 1957 ஜனவரியில் எறணாகுளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான முதல் கலைவிழா நடந்தது. தில்லியில் பல்கலைக்கழக மாணவர்களின் விழாவைப் பார்த்து வந்த பொதுக்கல்வி இயக்குநர் சி. எஸ். வெங்கடேஸ்வரனின் யோசனை அது. சில நூறு பேர் கலந்துகொண்டார்கள். இன்று 14 மாவட்டங்களிலிருந்தும் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். பெயரும் கலோத்சவம் ஆகிவிட்டது.

1958 விழாவில் வாய்ப்பாட்டில் யேசுதாஸும் மிருதங்கத்தில் ஜெயச்சந்திரனும் முதற்பரிசு வாங்கினார்கள். விழாவைக் குறை சொல்ல வாயெடுத்தால் இந்த இரண்டு பெயர்களைத்தான் முதலில் நீட்டுவார்கள். அவர்கள் எப்படியும் பாடகர்களாகியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். சாக்கியார் குடும்பங்களின் கூத்து, மாப்பிளா முஸ்லிம் கல்யாணங்களின் ஒப்பனா ஆட்டம், சுரியானி கிறிஸ்தவர்களின் மார்க்கம்களி, கடலோர லத்தீன் கத்தோலிக்கரின் சவிட்டு நாடகம் எல்லாம் ஒரே பட்டியலில் வந்து, எந்த வீட்டுப் பிள்ளையும் எதையும் கற்கலாம் என்றானதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாதியும் மதமும் வேலி போட்டிருந்த கலைகளைப் பள்ளிக்கூடத்து முற்றத்துக்குக் கொண்டுவந்ததில் இந்த விழாவுக்கு ஈடானவை குறைவு.

ஆனால் முற்றத்துக்கு வந்த கலை எந்த அளவில் வந்தது? பரதநாட்டியத்துக்கும் மோகினியாட்டத்துக்கும் பத்து நிமிடம். அரைமணிக்குக் குறையாமல் விரியும் வர்ணத்தை அதற்குள் மடக்க வேண்டும். ஒரே வரியை விரித்து அபிநயிக்கும் சஞ்சாரிக்கு இடமில்லை, ஜதித் தீர்மானங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. நடுவர் கண்ணில் படுவது வேகம், உடை, ஒப்பனை. ஆகவே போட்டிக்கென்றே உருப்படி அமைத்துத் தரும் ஆசான்கள் பெருகினார்கள். அவர்களுக்கும் பக்கவாத்தியத்துக்கும் நகை வாடகைக்கும் சேர்த்துப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை முன்னால் நிற்கிறது.

பரிசின் மேல் பரிசு ஏறியதும் நிலைமை முற்றியது. 1986இல் அதிகப் புள்ளி எடுக்கும் மாணவிக்கும் மாணவனுக்கும் கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள் வந்தன. சண்டை பெருகவே 2000களின் நடுவில் அவை கைவிடப்பட்டு, கிரேடு முறை வந்தது. நல்ல முடிவுதான், ஆனால் பாதி முடிவு. கிரேடுக்குப் பொதுத்தேர்வில் கிரேஸ் மார்க் உண்டு. அதிகப் புள்ளி எடுக்கும் மாவட்டத்துக்கு 117½ பவுன் தங்கக் கோப்பையும் உண்டு. மாவட்டப் போட்டியில் தோற்றவர்கள் அப்பீலோடு வந்து குவிய, மேடைகள் விடியும்வரை நீள்கின்றன. 2018இல் திருச்சூரில், குழந்தைகள் உரிமை ஆணையத்தின் பெயரில் போலி அப்பீல் ஆணைகளே பிடிபட்டன.

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில் மங்கலம்களி, பணியர் நடனம், இருளர் நடனம், பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம் என ஐந்து பழங்குடிக் கலைகள் போட்டியில் சேர்ந்தன. வெகுநாள் கடன் அது, வரவேற்கிறேன். என்றாலும் மங்கலம்களி கல்யாணப் பந்தலில் துடி முழங்க வட்டமாக ஆடுவது. அதற்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. நடுவர் மேசையை எந்தப் பக்கம் போடுவது என்பதில் தொடங்கி, அந்தந்தச் சமூகத்தாரையே நடுவராக உட்காரவைப்பது வரை விதியை மாற்றாவிட்டால், மோகினியாட்டத்துக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரும். அதற்கு அறுபது ஆண்டுகூட ஆகாது.